திரைப்பாட்டு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எண்பதுகளின் பிற்பாதியில் மதுரையில் ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் வேலை பார்த்தேன். ஆட்கள் ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு வருவார்கள். காலி கேசட்டில் ஏற்றிக் கொடுப்போம். பாட்டுப் பட்டியலோடு ஏதாவது ஒரு சந்தேகமும் கூடவே வரும். கடை போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சந்தேகங்கள் அப்படியே இருக்கின்றன; அன்று கேட்டவர்களின் பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

வெளிநாட்டுப் படத்துல யாரும் திடீர்னு பாட ஆரம்பிக்கறதில்ல. நம்ம படத்துல மட்டும் ஏன் சார் இவ்வளவு பாட்டு?

சினிமா வருவதற்கு முன்பே நம் ஆட்கள் பாட்டுக் கேட்கத்தான் நாடகத்துக்குப் போனார்கள். தெருக்கூத்தில் பாட்டு, கதாகாலட்சேபத்தில் பாட்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய மேடை நாடகங்களில் வாக்குவாதம்கூடப் பாட்டில்தான் நடக்கும். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையேறினால் கதை எல்லாருக்கும் முன்பே தெரியும், குரலுக்காகத்தான் கூட்டம்.

பேசும் படம் வந்ததும் அந்த மேடையையே தூக்கிக்கொண்டு போய்க் கேமரா முன்னால் வைத்தார்கள். 1931 மார்ச்சில் வந்த, இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’வில் 7 பாட்டு. அதே வருஷம் அக்டோபரில் வந்த, தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தில் ஐம்பது பாட்டு வரை உண்டு என்பார்கள். அதில் தியாகராஜர் கீர்த்தனையும் இருந்தது; காந்தியின் ராட்டையைப் புகழும் பாட்டும் படத்தோடு சேர்ந்தே ஓடியது. காளிதாசர் காலத்துக் கதையில் இதெல்லாம் எங்கே வந்தது என்று அன்றைக்கு யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதனால் ‘பாட்டு எப்போது படத்துக்குள் நுழைந்தது?’ என்று கேட்பதே சரியில்லை. நம் ஊரில் படம்தான் பாட்டுக்குள் நுழைந்தது.

அப்போ அந்தக் காலத்துல நடிகர்களேதான் பாடினாங்களா?

ஆமாம். பாடத் தெரியாதவருக்குக் கதாநாயக வேஷமே கிடைக்காது. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் முதலில் பாடகர்கள், அப்புறம்தான் நடிகர்கள். ஆரம்பத்தில் படப்பிடிப்பின்போதே பாட்டையும் பதிவு செய்தார்கள். வாத்தியக்காரர்கள் கேமராவில் படாத இடத்தில், மரத்துக்குப் பின்னாலோ செட்டின் ஓரத்திலோ உட்கார்ந்து வாசிப்பார்கள். யாராவது இருமினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பது 1935இல் கல்கத்தாவில் தொடங்கியது. தமிழில் 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தை அதற்கு முன்னோடியாகச் சொல்வார்கள். ஐம்பதுகளில் இந்த முறை வேரூன்றிவிட்டது. பாடத் தெரியாத நல்ல நடிகர்களுக்கும், திரையில் முகம் காட்ட விரும்பாத நல்ல பாடகர்களுக்கும் ஒரே நேரத்தில் வழி பிறந்தது. டி.எம். சௌந்தரராஜன் சிவாஜிக்கு ஒரு மாதிரியும் எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரியும் குரலை மாற்றிப் பாடியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே கண்டுபிடிக்கலாம். டி.ஆர். மகாலிங்கம், சந்திரபாபு மாதிரி சிலர் மட்டும் கடைசி வரை தாங்களே பாடினார்கள்.

டைட்டில்ல ‘இசை’னு ஒரே ஒரு பேர்தான் வருது. அவர் என்னதான் பண்ணுவார்?

பாட்டு என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் மூன்று பொருள். முதலாவது மெட்டு, இரண்டாவது வரிகள். இரண்டையும் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலி மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இசையமைப்பாளரின் அடிப்படை வேலை மெட்டுப் போடுவது. அந்த மெட்டைச் சுற்றி எந்த வாத்தியம் எங்கே வரவேண்டும், இடையில் என்ன வாசிக்க வேண்டும் என்று அமைப்பது வேறு வேலை. பழைய படங்களில் இரண்டையும் இரண்டு பேர் செய்ததுண்டு. 1944இல் வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தில் பாட்டுகள் பாபநாசம் சிவனுடையவை, வாத்தியக் கோர்வை ஜி. ராமநாதனுடையது. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய நோட்ஸைத் தன் கையாலேயே எழுதிக் கொடுப்பவர். 1992இல் ‘ரோஜா’வோடு வந்த ரஹ்மான், ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கவைத்துப் பதிவு செய்து, அப்புறம் கம்ப்யூட்டரில் அடுக்கி அடுக்கிக் கட்டும் முறையைப் பிரபலமாக்கினார். வாசித்தவர்களின் பெயரைக் கேசட் உறையில் அச்சிட்டதும் அவர் படங்களில்தான் பெரிய அளவில் நடந்தது. எனக்குப் பாட்டைவிட அந்தச் சின்ன எழுத்துப் பட்டியல் பிடித்திருந்தது. புல்லாங்குழல் யார், பேஸ் கிட்டார் யார் என்று அதுவரை யார் நமக்குச் சொன்னார்கள்?

மெட்டு முதல்லயா, பாட்டு முதல்லயா?

இரண்டும் உண்டு. ஆனால் பெரும்பாலும் மெட்டுதான் முதலில். இசையமைப்பாளர் மெட்டைத் ‘தன்னானே தனனா’ என்று பாடிக் காட்டுவார். இதைத் தத்தகாரம் என்பார்கள். கவிஞர் அந்தச் சந்தத்துக்குள் சொற்களை உட்கார வைக்க வேண்டும். சில இசையமைப்பாளர்கள் வாயில் வந்த வார்த்தைகளைப் போட்டு டம்மி வரியாகப் பாடிக் கொடுப்பார்கள். அந்த டம்மியே நன்றாக இருந்து பல்லவியாக நின்றுவிடுவதும் உண்டு.

தமிழில் இது கொஞ்சம் கஷ்டமான வித்தை. நமக்குக் குறில் நெடில் மாறினால் பொருளே மாறிவிடும். மெட்டு நீளும் இடத்தில் ‘மனம்’ வந்தால் ‘மானம்’ என்று கேட்கும். ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும், ‘கல்’ என்பது ‘கால்’ ஆகும். மெட்டு ‘தன தனன தானா’ என்று போனால் ‘மழை பெரிது தாயே’ என்று எழுதலாம். அதே இடத்தில் ‘பெரிது மழை தாயே’ என்று எழுதினால் சொற்கள் அவைதான், பொருளும் அதுதான். ஆனால் பாடும்போது நொண்டும். கண்ணதாசனையும் வாலியையும் வைரமுத்துவையும் நா. முத்துக்குமாரையும் எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைத்துச் சண்டை போடுங்கள். ஆனால் காகிதத்தில் படித்துவிட்டுப் போடாதீர்கள், பாடிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அவர்கள் திறமையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். மற்ற மொழிப் படங்களைத் தமிழில் டப் செய்யும்போது பாட்டு ஏன் அசட்டுத்தனமாக இருக்கிறது என்று கேட்கிறார்கள். அங்கே சந்தத்தோடு உதட்டசைவுக்கும் எழுத வேண்டும். வாய் மூடும் இடத்தில் ப, ம வர வேண்டும். எழுதுபவர் பாவம்.

பல்லவி தெரியும், சரணம் தெரியும். அனுபல்லவின்னு ஒண்ணு இருந்துச்சே, எங்க போச்சு?

சினிமாவில் அது கரைந்துவிட்டது. கீர்த்தனையில் இருந்து வந்த மூன்று பகுதியில் பல்லவியும் சரணமும் தங்கின. அனுபல்லவி இருந்த இடத்தை வாத்தியங்கள் வாசிக்கும் இடையிசை பிடித்துக்கொண்டது. சில பாட்டுகளில் பல்லவியை அடுத்து இரண்டு வரி ஏறிப் போய்த் திரும்பும். அனுபல்லவியின் மிச்சம் அது.

எல்லாப் பாட்டும் ஏன் நாலு நிமிஷத்துலயே முடியுது?

78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பதிய முடியும். பாட்டை அதற்குள் அடக்கப் பழகினார்கள். நீளமான பாட்டு என்றால் பாதியில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அப்புறம் நீண்ட நேரத் தட்டு வந்தது, கேசட் வந்தது. அளவு கொஞ்சம் தளர்ந்தாலும் பழக்கம் போகவில்லை. ரேடியோவுக்கும் அந்த அளவே வசதியாக இருந்தது.

கேசட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. 60 கேசட்டில் பக்கத்துக்கு அரை மணி நேரம், ஆறு அல்லது ஏழு பாட்டு. வாடிக்கையாளர்கள் எப்போதும் எட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். எட்டாவது பாட்டு சரணத்தில் அறுந்து நிற்கும். அதே பாட்டை இன்றைக்கு முழுசாகக் கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் மனசில் கேட்கிறது.

கேசட்ல கேட்ட சரணம் படத்துல இல்லையே? நீங்க வேற பாட்டைப் பதிஞ்சிட்டீங்களா?

இல்லை. படத்தின் நீளத்தைக் குறைக்கக் கத்தரி எடுத்தால் முதலில் விழுவது இரண்டாம் சரணம். கதை நகராத இடம் என்று எடிட்டருக்குத் தோன்றும் பகுதி அதுதான். சில சமயம் பாட்டு முழுசாகவே போய்விடும். ஒலிப்பதிவு மட்டும் தட்டிலும் கேசட்டிலும் தங்கியிருக்கும். தலைகீழாகவும் நடக்கும். படத்தில் சோகமாக ஒரு நிமிடம் மட்டும் வரும் பிட்டுப் பாட்டு தட்டில் ஏறாமலே போயிருக்கும்.

ஷூட்டிங்ல நிஜமா பாடுவாங்களா, சும்மா வாயசைப்பாங்களா?

பதிவான பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்கு வாயசைத்து நடிப்பார்கள். இதற்குப் பயன்பட்ட ஒலிக்கருவியின் பெயர் நாகரா. கருவி காலாவதியாகிவிட்ட பிறகும் படப்பிடிப்பில் பாட்டு ஓட்டும் பெட்டிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ‘நாகரா’ என்று டைரக்டர் குரல் கொடுத்தால் பாட்டு ஓடும். சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு அசையாமல் பொய்யாகத் தெரியும். அதனால் நல்ல நடிகர்கள் கத்தியே பாடுவார்கள். அந்தக் குரல் படத்தில் வராது என்பதால் சுருதி பற்றிக் கவலையில்லை.

உடம்பு மெதுவாக அசைந்துகொண்டிருக்க உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும் காட்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கேமராவை நொடிக்கு 24 படச்சட்டத்துக்குப் பதிலாக 48 ஓடவிட்டு, பாட்டையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். நடிகர் அந்தக் கிறீச்சுக் குரலுக்கு அவசர அவசரமாக வாயசைக்க வேண்டும். தியேட்டரில் 24 வேகத்தில் ஓடும்போது உதடு பாட்டோடு சேர்ந்துவிடும், துப்பட்டா மட்டும் மெதுவாகப் பறக்கும். அந்தக் காதல் காட்சியைப் படப்பிடிப்பில் நேரில் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

பிஜிஎம்னா என்ன, ஆர்.ஆர்.னா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?

கிட்டத்தட்ட. ஆர்.ஆர். என்பது ரீ-ரெக்கார்டிங், எடுத்து முடித்த படத்தைப் பார்த்துக் காட்சிக்குக் காட்சி பின்னணி இசை சேர்க்கும் வேலை. பிஜிஎம் என்பது அந்த வேலையில் கிடைக்கும் இசை. ஆனால் நம் ரசிகர்கள் பாட்டுக்கு நடுவில் வரும் இடையிசையையும் பிஜிஎம் என்றுதான் சொல்கிறார்கள். சண்டை போட்டுப் பயனில்லை, பேச்சில் நின்றுவிட்டது.

பிலிம் காலத்தில் 1000 அடி ரீல் ஒன்று 11 நிமிடம் ஓடும். ரீல் ரீலாகப் போட்டுப் பார்த்து, எந்த நொடியில் இசை நுழைய வேண்டும், எங்கே விலக வேண்டும் என்று குறித்துக்கொள்வார்கள். இசை விலகும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பவரே கெட்டிக்காரர் என்பது என் கட்சி. இது பாட்டுப் போடுவதிலிருந்து வேறான திறமை என்பதால் தேசிய விருதிலும் 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனி விருது தருகிறார்கள். ஆஸ்கரிலும் அப்படித்தான். 2009இல் ரஹ்மான் வாங்கிய இரண்டில் ஒன்று பின்னணி இசைக்கு, மற்றது பாட்டுக்கு.

பாட்டே இல்லாத தமிழ்ப் படம் இருக்கா?

1954இல் வந்த ‘அந்த நாள்’. இயக்கிய எஸ். பாலசந்தர் பெரிய வீணை வித்வான். அப்படிப்பட்டவர்தான் பாட்டே வேண்டாம் என்றார். அப்புறம் ‘வீடு’, ‘குருதிப்புனல்’, ‘விசாரணை’ என்று அவ்வப்போது வந்திருக்கின்றன. பாட்டு இல்லை என்றால் இசை இல்லை என்று ஆகாது, முந்தைய பதிலைப் பாருங்கள்.

சினிமாப் பாட்டைக் கேட்டு ‘இது ரீதிகௌளை’ங்கறாங்களே, நிஜமா, இல்ல பந்தாவா?

பாதி நிஜம். ‘கவிக்குயில்’ (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடும் ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ ரீதிகௌளை ராகம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் பல பாட்டுகளில் ராகத்தின் சாயல் மட்டும் இருக்கும். பல்லவி ஒரு ராகத்தில் நடந்துவிட்டுச் சரணத்தில் அந்த ராகத்தில் இல்லாத அந்நிய ஸ்வரம் எட்டிப் பார்க்கும். இசையமைப்பாளர் விதி தெரியாமல் செய்வதில்லை. அவருக்கு வேண்டியது காட்சி.

‘சிந்து பைரவி’யில் (1985) ‘மரி மரி நின்னே’ கீர்த்தனையைப் பாருங்கள். தியாகராஜர் கிருதியாகக் கச்சேரியில் காம்போதி ராகத்தில் பாடப்படுவது. இளையராஜா அதைச் சாரமதி ராகத்தில் அமைத்து, நாட்டுப்புறச் சாயலில் தொடங்கும் பாட்டை அதில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மூன்றாம் கேள்வியில் சொன்ன கணக்குப்படி வரிகள் அவையே, மெட்டு வேறு. அன்றைக்கு அதற்குக் கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்ததும் அந்தப் பாட்டுதான்.

பழைய பாட்டு நிறைய இந்தியிலேர்ந்து சுட்டதாமே?

சுட்டதும் உண்டு. ஆனால் ‘சுடுவது’ என்ற எண்ணமே பிற்காலத்தது. நாடகக் காலத்தில் பார்சி நாடகக் கம்பெனிகளின் மெட்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள், ஒளிக்கவும் இல்லை. பழைய பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் பாட்டுக்கு மேலே இன்ன பாட்டின் மெட்டு என்றே அச்சிட்டிருக்கும். படிப்பவர் அந்த மெட்டில் பாடிக்கொள்ள அது ஒரு குறிப்பு. ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று கதைச் சுருக்கம் முடியுமே, அதே புத்தகங்கள்தான்.

சீரியல்ல தினமும் புதுசா மியூசிக் போடுவாங்களா?

முடியாது. தினமும் ஒளிபரப்பாகும் தொடருக்கு அவ்வளவு நேரம் கிடையாது. சோகத்துக்கு, கோபத்துக்கு, வில்லி திரும்பிப் பார்ப்பதற்கு என்று சில துண்டுகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் ஒட்டுவார்கள். ஒரே அதிர்ச்சிக்கு மூன்று முறை முகத்தைக் காட்டி மூன்று முறை அதே சத்தம் வருவது இதனால்தான்.

டைட்டில் பாட்டு வேறு ரகம், அதில் அக்கறை காட்டியிருப்பார்கள். 1999இல் தொடங்கிய ‘சித்தி’யின் ‘கண்ணின் மணி’ நித்யஸ்ரீ பாடியது. சமையலறையில் இருப்பவரைக் கூடத்துக்குக் கூப்பிடும் மணி மாதிரி அது வேலை செய்தது. இப்போது டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பொத்தான் வந்துவிட்டது. பாட்டும் சுருங்கிவிட்டது.

மேடை நாடகத்துல இன்னமும் ஆர்மோனியம் வாசிக்கறாங்களா?

வாசிக்கிறார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா இரவுகளில் ஸ்பெஷல் நாடகம் இன்றும் நடக்கிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாரும் தனித்தனியாகப் பேசி அழைக்கப்பட்டவர்கள், ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமணம்’ எல்லாருக்கும் மனப்பாடம். மேடையில் இவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போவது ஆர்மோனியக்காரர்தான். சுருதி கொடுப்பார், பின்பாட்டுப் பாடுவார், நடிகர் திணறினால் அடியெடுத்துக் கொடுப்பார். மிருதங்கத்தோடு, டிரம், தாளம் என்று பல சத்தங்களைச் சமாளிக்கும் ஒருவரும் இருப்பார். அவருக்கு ‘ஆல்ரவுண்டு’ என்றே பெயர். வள்ளி வேஷத்தில் இருப்பவர் நடுவில் சினிமா மெட்டை எடுத்துவிடுவதும் சகஜம். மேடை கொடுத்த கடனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்க வீட்டுக் கல்யாணத்துல பாட்டுப் போட்டா பணம் கட்டணுமா?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உண்மையான சமயச் சடங்கில் பாட்டுப் போடுவதற்கு விலக்குத் தருகிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும் என்று விளக்கமும் இருக்கிறது. ஆனால் ஹோட்டலில் நடத்தும் பார்ட்டி எந்தக் கணக்கில் வரும் என்பதில் வழக்குகள் நடந்திருக்கின்றன. மண்டபத்தில் லைசன்ஸ் கேட்டால் இந்தப் பிரிவைக் காட்டிப் பேசலாம். கடை, ஹோட்டல், கட்டணக் கச்சேரிக்கு இந்த விலக்குப் பொருந்தாது.

அறுபது வருஷம் ஆன பாட்டு இலவசம்தானே? நானே பாடிப் போட்டாலும் ஏன் பிடிக்கறாங்க?

மறுபடியும் மூன்றாம் கேள்விக்கே வாருங்கள். மூன்று பொருளுக்கும் மூன்று கடிகாரம். ஒலிப்பதிவுக்கு வெளியான வருஷம் முடிந்து 60 வருஷம். 1960இல் வந்த தட்டு என்றால் 2020 முடிவோடு சரி. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த வருஷத்திலிருந்து 60. கண்ணதாசன் மறைந்தது 1981இல். அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு. எம்.எஸ். விஸ்வநாதன் மறைந்தது 2015இல். அவர் மெட்டுகளுக்கு 2075 வரை. நீங்களே பாடினால் பழைய ஒலிப்பதிவைத் தொடவில்லை, சரி. வரியும் மெட்டும் அடுத்தவருடையவையாகவே இருக்கின்றன. கீழே ஓடும் கரோக்கி டிராக்குக்கும் தனியாக ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

பாரதி பாட்டு மட்டும் ஏன் எல்லாரும் பாடுகிறார்கள் என்றால், 1949இல் சென்னை மாகாண அரசு அதன் உரிமையை வாங்கி, பிறகு மக்களுக்கே விட்டுவிட்டது. கேசட் கடையில் நான் செய்தது எந்தப் பிரிவில் வரும் என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். எல்லாப் பிரிவிலும் குற்றம்தான் என்று அவரே பதிலும் சொன்னார்.

அப்போ பாட்டு யாருக்குச் சொந்தம்? தயாரிப்பாளருக்கா, போட்டவருக்கா?

1977இல் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: படத்துக்காகக் காசு கொடுத்துச் செய்யவைத்த பாட்டு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருக்கே. 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற எந்த வழியில் பாட்டுப் பயன்பட்டாலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. கையெழுத்துப் போட்டு அதை விட்டுக்கொடுக்கவும் முடியாது. பழைய படங்களின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதில்தான் இன்றைய சண்டைகள்.

ஒரு வரி மட்டும் ஞாபகம் இருக்கு, படம் பேரு தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கறது?

உங்களுக்கு ஞாபகம் இருப்பது பல்லவிதானா என்று முதலில் பாருங்கள். பாட்டுப் பட்டியல்கள் எல்லாம் முதல் வரியை வைத்தே இருக்கும். மனசில் ஒட்டிக்கொள்வது பெரும்பாலும் சரணத்தின் தொடக்கம்தான். பாட்டு தொகையறாவோடு, அதாவது பல்லவிக்கு முன்னால் தாளமில்லாமல் இழுத்துப் பாடும் வரிகளோடு, தொடங்கினால் அந்தத் தொகையறாவே முதல் வரியாகப் பதிவாகியிருக்கும். சொல்லையும் நம்பாதீர்கள். நாலாவது கேள்வியில் சொன்ன குறில் நெடில் குழப்பத்தில் வருஷக்கணக்காகத் தப்பாகவே பாடிக்கொண்டிருப்போம். குரல் யாருடையது, வாத்தியத்தில் ஆர்மோனியம் தெரிகிறதா, சின்தசைசர் தெரிகிறதா என்று பார்த்தால் பத்து வருஷ வட்டத்துக்குள் வந்துவிடலாம். இலங்கை வானொலியில் கேட்டதா, தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் பார்த்ததா என்பதும் உதவும். எதுவுமே நினைவில்லையா, தத்தகாரமாகவாவது பாடிக் காட்டுங்கள். கடையில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டார்கள், பாதிப் பேருக்குக் கிடைத்தும் விட்டது.